சுருண்டு விழுந்தவருக்கு சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) செய்வது எப்படி?

ஒருவர் திடீரென்று சுருண்டு விழுந்தால் நம் ஊரில் முதலில் வருவது சோடா பாட்டில்தான். தயவுசெய்து வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடி மட்டும் பாருங்கள். கரையில் போட்ட மீன் போல வாய் மட்டும் விட்டுவிட்டுத் திறந்து மூடினால் அது மூச்சு இல்லை. பலரும் இதைப் பார்த்துத்தான் "மூச்சு இருக்கு" என்று காத்திருந்துவிடுகிறார்கள். உடனே 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். கட்டிலில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடு எலும்பில், கீழ்ப்பாதியில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அதன் மேல் மறு கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய விநாடிக்கு இரண்டு. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும், ஆள் மாறுங்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டாலும் நிறுத்த வேண்டாம். எலும்பு பிறகு கூடிவிடும்.

இந்த ஆழம் பெரியவர்களுக்கு மட்டும். நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் வாய்வழி மூச்சும் தேவை. பயிற்சி உள்ளவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம்.

அப்புறம், வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காதீர்கள். வலிப்பு நின்று மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.