சாய்மனைக் கதிரை விடயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

திருகோணமலையில் பழைய வீடொன்றை இடித்துக் கட்டும்போது முதலில் வெளியே போவது விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரைதான். பிரம்பு அறுந்திருக்கும், ஒரு கை ஆடும். பழைய சாமான் வாங்க வருபவரிடம் அதைத் தள்ளிவிட்டு, கையிலிருக்கும் காசையும் போட்டு றெக்சின் செற்றி ஒன்று வாங்கி வைக்கிறோம். முதல் தவறு இதுதான். முதிரையிலோ தேக்கிலோ செய்த கதிரை ஆடுகிறது என்றால் பெரும்பாலும் பொருத்துகள்தான் தளர்ந்திருக்கும். மரம் நன்றாகவே இருக்கும்.

சரி, வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தவர்களும் அதன் வயதைப் பிழையாகக் கணக்கிடுகிறார்கள். ஊரில் பிரெட்ரிக் கோட்டை நிற்பதால் பழசாகத் தெரிவதெல்லாம் நமக்கு ‘ஒல்லாந்தர் காலத்துச் சாமான்’. ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தது 1795இல். ஒல்லாந்தர் காலத்துக் கதிரைகள் பெரும்பாலும் நிமிர்ந்து உட்காருவதற்கானவை. வட்ட ஆசனமும் ஆறு கால்களும் கொண்ட ‘பர்கோமாஸ்டர்’ கதிரை அதற்கு நல்ல உதாரணம். கை நீண்டு, அதன் அடியிலிருந்து இன்னொரு பலகை வெளியே திரும்பி வரும் கதிரை வேறு. அது 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில், தோட்டத்துரைமார் பங்களாக்களிலும் அரசாங்க விடுதிகளிலும் பரவியது. வெயிலில் அலைந்து வந்தவர் இரண்டு காலையும் அந்தப் பலகைகளில் தூக்கிப் போட்டுப் படுப்பார்.

கதிரையைத் திருத்த இந்த வரலாறு அவசியம். காலின் பாரம் முழுவதும் நீட்டிய பலகையின் நுனியில் விழுவதால், கையும் முன்காலும் சேரும் பொருத்துத்தான் முதலில் தளரும். அந்த இடத்தில் ஆணி அடிப்பது பெரிய கெடுதல். பழைய பொருத்துகளை வச்சிரம் என்ற மிருகத்தோல் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். சூடும் ஈரமும் பட்டால் வச்சிரம் இளகும்; பொருத்தைச் சேதமில்லாமல் கழற்றி, துப்புரவாக்கி, திரும்ப ஒட்டலாம். அதன்மேல் எபொக்சி என்ற இறுகும் செயற்கைப் பசையை ஊற்றிவிட்டால் அடுத்த முறை மரத்தை உடைத்துத்தான் கழற்ற வேண்டும். இரும்பு ஆணியோ உப்புக்காற்றில் துருவேறி, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்துவிடும். திருகாணி கட்டாயம் தேவை என்றால் பித்தளையில் போடுங்கள்.

அடுத்தது மெருகு. சாண்ட் பேப்பரால் வெள்ளையாகும் வரை தேய்த்து, மேலே தடித்த வார்னிஷ் பூசினால் கதிரை புதிதாகத் தெரியும் என்று நினைக்கிறோம். முதிரையின் பொன்னிறமும், வெளிச்சம் படும் பக்கத்துக்கேற்ப மாறும் அதன் ரேகையும், கைபட்டுக் கைபட்டு ஏறிய பளபளப்பும் எல்லாம் அந்தத் தூளோடு போய்விடும். முதலில் ஆசனத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை மெதுவாகத் தேயுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். அதைச் சுரண்ட வேண்டியதில்லை, மேலேயே மெல்லியதாக இன்னொரு பூச்சுப் பூசலாம். பல கதிரைகளுக்கு அழுக்கைத் துடைத்து மெழுகு தேய்த்தாலே போதும்.

எனக்கு மிகவும் மனம் நோகிற தவறு பிரம்பை எடுத்துவிட்டு, பலகை அடித்து, பஞ்சு வைத்து, றெக்சின் போர்த்துவது. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் முதுகுக்குப் பின்னால் காற்று ஓட வேண்டும். அதற்காகவே பின்னிய கதிரை அது. கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்தைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது. நீளம், அகலம், இரண்டு மூலைவாட்டு என்று இழைகள் துளை துளையாக ஏறி இறங்கியிருக்கும். துளைகள் இல்லாமல், மேல்பக்கம் ஒரு காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், பின்னல் தாளைச் செருகி, மேலே பிரம்புக் கம்பி வைத்து அடைத்திருந்தால் அது இயந்திரத்தில் நெய்த பின்னல். இரண்டையும் திருத்தும் முறை வேறு. துளையுள்ள கதிரைக்கு வேலை சுலபம் என்று காடி வெட்டச் சொல்லாதீர்கள்.

பின்னல் அறாமல் தொய்ந்து மட்டும் இருந்தால் மாற்றவே தேவையில்லை. பிரம்பின் மேல்முகம் வழுவழுப்பானது, தண்ணீரை உறிஞ்சாது. அடிமுகம் உறிஞ்சும். ஆகவே கதிரையைக் கவிழ்த்து, இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியை அடிப்பக்கம் சற்று நேரம் போட்டு வைத்து, பிறகு நிழலில் காய விடுங்கள். காயும்போது இழை சுருங்கி இறுகும். ஈரம் காயுமுன் உட்காரக் கூடாது. அப்புறம், பிரம்பு ஆசனத்தில் ஏறி நின்று பல்ப் மாற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பாரம் ஒரே இடத்தில் விழுந்தால் நல்ல பின்னலும் அறும்.

பிரம்புக்குப் பதிலாகத் துணி தொங்கும் சாய்மனைக் கதிரையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: துணியின் நீளம். பழைய துணியை அளக்காமல் தைத்தால், கட்டையாக இருந்தால் தொடையின் அடியில் முன்சட்டம் வெட்டும், நீளமாக இருந்தால் முதுகு கூனும்.

இனிப் புதுக் கதிரைகள். கைபேசியில் படம் பார்த்து வாங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. ஜெர்மன் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவும் வடிவமைப்பாளர் லில்லி ரைக்கும் வடிவமைத்த பார்சலோனா கதிரை, 1929இல் அந்நகரக் கண்காட்சியில் ஜெர்மனியின் மண்டபத்துக்காகச் செய்தது. அழகானதுதான். ஆனால் தோலும் உருக்கும் சேர்ந்த, கைப்பிடி இல்லாத தாழ்ந்த ஆசனம். முழங்கால் வலியுள்ள அம்மாவால் அதிலிருந்து எழும்ப முடியாது. நகலில் குரோமியப் பூச்சு மெல்லியதாக இருந்தால், உப்புவெளிப் பக்கக் கடற்கரை வீட்டில் விரைவிலேயே துருப்புள்ளி விழும்.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியரின் சாய்வுக் கதிரை 1956இல் வந்தது. வளைத்த பிளைவூட் ஓடுகள், தோல் மெத்தை. ‘ஒறிஜினல்’ என்று ஒருவர் விற்க வந்தால் காலை எண்ணுங்கள்: கதிரையின் அடிப்பாகத்துக்கு ஐந்து, கால் வைக்கும் முக்காலிக்கு நான்கு. முதுகைப் பின்னால் சரிக்கும் விசை இருந்தால் அது நகல். உண்மையான கதிரையில் சாய்வுக் கோணம் நிலையானது. பழையதாக இருந்தால், ஓடுகளை இணைக்கும் இறப்பர் துண்டுகளைப் பாருங்கள். அவை வயதாகி இறுகி, பிளைவூட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். மாரி காலத்தில் தோலில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் யோசித்தே வாங்க வேண்டும்.

நம் வெயிலுக்கு ஏற்ற நவீனக் கதிரை வேண்டுமானால் கட்டடக்கலைஞர் பியேர் ஜான்னரே 1950களில் இந்தியாவின் சண்டிகார் நகருக்காகச் செய்தவற்றைப் பார்க்கலாம். தேக்கும் பிரம்பும்தான். அங்கேயும் ‘பழசு’ என்று குவித்துப் போட்டார்கள். பிறகு அவையே வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போயின.

அப்படி ஒன்றையோ, பாட்டனாரின் கதிரையைப் போல இன்னொன்றையோ செய்விக்க விரும்பினால், ஓடாவியாரிடம் படத்தை மட்டும் கொடுக்காதீர்கள். படத்தில் கோணம் தெரியாது. பழைய கதிரையைச் சுவரோரம் நிறுத்தி, அதன் பக்கவாட்டை முழு அளவில் மட்டையில் வரைந்து எடுங்கள். ஆசனத்தின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது, முதுகு எங்கே சரியத் தொடங்குகிறது என்ற இரண்டு அளவையும் அதில் குறித்துக் கொடுங்கள். பிரம்பு பின்னுமுன், சட்டத்தில் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் அதிகம் உட்காரப் போகிறவரையே ஒருமுறை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.