கேம் ஸ்டியரிங்கைப் பூட்டி, டயர் பேசும்படி செட் பண்ணுவது எப்படி?

மழை விட்ட கையோடு நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் வண்டி இறக்குகிறவர்களுக்கு இது தெரியும். பெண்டில் ஸ்டியரிங் கையில் கனமாக இருக்கும்வரை பயமில்லை. வளைத்துக்கொண்டிருக்கும்போதே அது இலேசாகிவிட்டால், முன் டயர் ரோட்டை விடப் பார்க்கிறது என்று அர்த்தம். யோசிப்பதற்கு முன்பே கால் எக்ஸிலேட்டரிலிருந்து எழும்பிவிடும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டியரிங் கொண்டுவருவது இந்தச் சேதியைத்தான். உள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது. முன் டயர்களில் விழும் விசையைக் கேம் கணத்துக்குக் கணம் கணக்கிட்டு அனுப்ப, மோட்டார் அந்த விசையோடு வீலைத் திருப்பப் பார்க்கும். கேம்பேட் அதிர்வதும் இதுவும் ஒன்றல்ல. அதிர்வுக்கு இடம் வலம் கிடையாது, இதற்கு உண்டு.

புதிதாக வாங்கியவர்கள் முதலில் செய்வது பலத்தை 100க்கு ஏற்றுவது. கை வலிக்கும், ஆனால் டயர் சொல்வது ஒன்றும் காதில் விழாது. அதைச் சரியாக வைப்பதுதான் இந்த விளக்கத்தின் பெரும்பகுதி.

வாங்கும்போது

லொஜிடெக் ஜி29, ஜி920, ஜி923 பற்சக்கரத்தில் ஓடுபவை. த்ரஸ்ட்மாஸ்டர் டி300 பெல்ட்டில் ஓடுவது. மோட்டார் அச்சிலேயே வீலைப் பூட்டியிருந்தால் அது டைரக்ட் டிரைவ். பற்சக்கர வீலின் உச்ச பலம் சுமார் 2 நியூட்டன் மீட்டர், டைரக்ட் டிரைவ் வகையான மோஸா ஆர்5இல் 5.5, லொஜிடெக் ஜி புரோவில் 11. முதல் வீலுக்குப் பற்சக்கரமே போதும். டைரக்ட் டிரைவைச் சாதாரண மேசையில் பூட்டினால் மேசையே ஆடும்.

பழையது வாங்குவதென்றால் அடாப்டர் லேபிளைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பெட்டியில் 100 மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருக வேண்டாம், எரிந்துவிடும். பிறகு பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். ரோடு நேராக இருக்க வீல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணலாக நின்றால், உள்ளே சுற்றை எண்ணும் என்கோடர் சக்கரத்தில் வெடிப்பு விழுந்திருக்கலாம். ஜி25, ஜி27 இரண்டிலும் தெரிந்த வியாதி அது.

பூட்டுவது

வீலின் அடியில் இரண்டு கவ்விகள் உண்டு. மேசைப் பலகை மெல்லிய பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் கவ்வி அதைக் குழியாக்கி, ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். பலகைக்கு மேலும் கீழும் ஒரு துண்டு ப்ளைவுட் வைத்து இறுக்குங்கள். கையால் மட்டும் திருகினால் போதும், குறடு போட வேண்டாம்.

பெடல்தான் கூடுதல் தொல்லை. அதன் அடியிலுள்ள பற்கள் கார்ப்பெட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீடுகளில் பெரும்பாலும் வழுவழுப்பான சீமெந்துத் தரை. பிரேக்கை அழுத்தினால் பெடல் சுவர்வரை போகும். சுவருக்கும் பெடலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, 2 அங்குலத்துக்கு 2 அங்குல மரச்சட்டம் இரண்டை அந்த நீளத்துக்கு வெட்டி முட்டுக்கொடுங்கள். கதிரை உருளும் வகையென்றால் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பழைய சப்பாத்துக்குள் இறக்கிவிடுங்கள், பின்னால் ஓடாது.

உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு வீலின் உச்சியில் படவேண்டும். பிடிப்பது 9 மணி, 3 மணி இடங்களில். கட்டைவிரலைக் கம்பிக்கு உள்ளே கொக்கி போல மாட்டாதீர்கள். கேமில் வண்டி மோதும்போது வீல் சட்டென்று சுழலும். டைரக்ட் டிரைவ் என்றால் விரல் சுளுக்கிக்கொள்ளும்.

இணைப்பது

முதலில் லொஜிடெக் வீலுக்கான ஜி ஹப் மென்பொருளைக் கணினியில் நிறுவுங்கள். அடுத்து பெடல் வயரை வீலில் செருகுங்கள். பிறகு அடாப்டர். யூஎஸ்பி கடைசியில். யூஎஸ்பியைக் கணினியின் பின்பக்கத் துளையிலேயே நேராகச் செருகுங்கள், நடுவில் யூஎஸ்பி ஹப் வேண்டாம். வீல் தானாக இரண்டு பக்கமும் முழுதாகச் சுற்றி நடுவில் வந்து நிற்கும். அதுவரை கை வைக்கக் கூடாது. வைத்தால் நடு எதுவென்று தப்பாக எடுத்துக்கொள்ளும். சுற்றவே இல்லையென்றால் அடாப்டரில் கரண்ட் இல்லை. பழைய லயன் வீடுகளில் உருண்டை முனைத் துளைகள் இருப்பதால் மாற்றிச் செருகியை வைத்துக் குத்தியிருப்போம், அது பாதி கழன்றிருக்கும்; முதலில் அங்கே பாருங்கள்.

சுற்றி முடிந்ததும் மூன்று பெடலையும் அடிவரை இரண்டு தடவை மிதியுங்கள். பெடலின் முழு நீளத்தை மென்பொருள் தெரிந்துகொள்வது அப்படித்தான்.

டிகிரி

ஜி ஹப்பில் சுழற்சியை 900 டிகிரிக்கு வையுங்கள், அதாவது இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை இரண்டரைச் சுற்று. இங்கே உதாரணமாக எடுக்கும் கார்ப் பந்தயக் கேமான அசெட்டோ கோர்சாவிலும் அதே 900. ரேஸ் காருக்குக் குறைவாக வேண்டுமென்றால் கேமே குறைத்துக்கொள்ளும். சரிபார்ப்பது சுலபம்: வண்டி நிற்கும்போது வீலைக் கால் சுற்று திருப்புங்கள், திரையிலுள்ள ஸ்டியரிங்கும் அதே கால் சுற்று திரும்ப வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ இரண்டு எண்களில் ஒன்று தப்பு.

பலம்

கொழுந்து நிறுக்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோவரைதான் காட்டும் தராசில் 22 கிலோவைத் தொங்கவிட்டாலும் 30 கிலோவைத் தொங்கவிட்டாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். மோட்டாரும் அப்படித்தான். கேம் கேட்கும் விசை மோட்டாரின் உச்சத்தைத் தாண்டினால், தாண்டியது எல்லாம் ஒரே கனமாக வரும். இதற்குப் பெயர் கிளிப்பிங். வேகமான பெண்டில் டயர் பிடிக்கிறதா, விடுகிறதா என்ற வித்தியாசம் இருப்பது அந்த உச்சிப் பகுதியில்தான். அதை வெட்டியெறிந்துவிட்டு கனத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1. ஜி ஹப்பில் செண்டரிங் ஸ்பிரிங்கை நிறுத்துங்கள். அது டயரைப் பார்க்காமல் வீலை எப்போதும் நடுவுக்கு இழுப்பது. டயர் விடும்போது வரவேண்டிய இலேசை அது மூடிவிடும்.

2. அசெட்டோ கோர்சாவில் கெயின், அதாவது விசையின் மொத்த அளவு, 70. கெர்ப் (பாதையோர மேடு), ரோட், ஸ்லிப் எஃபெக்ட் மூன்றும் 0. மினிமம் ஃபோர்ஸும் இப்போதைக்கு 0. எஃபெக்ட்கள் டயரிலிருந்து வருபவை அல்ல, மேலே தூவும் அதிர்வு. கை பழகிய பிறகு வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம்.

3. அபார்த் 500 காரை எடுத்து மஜியோனே பந்தயப் பாதைக்குப் போங்கள். சுமார் 2.5 கிலோமீட்டர், சின்ன வட்டம். வலது ஓரத்தில் வரும் பட்டியலிலிருந்து பெடல்ஸ் என்ற சிறு பலகையைத் திறந்துவையுங்கள். அதில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கு ஒரு சாம்பல் நிறக் கோடு ஏறி இறங்கும். சிவப்பானால் கிளிப்பிங்.

4. மூன்று வட்டம் ஓட்டுங்கள். கெர்ப்பில் ஏறும்போது ஒரு நொடி சிவப்பு வந்தால் பரவாயில்லை. நீளமான பெண்டில் சிவப்பு நின்றுகொண்டே இருந்தால் கெயினை 5 குறையுங்கள், மறுபடி ஓட்டுங்கள். வண்டிக்கு வண்டி இது மாறும்.

5. இப்போது மினிமம் ஃபோர்ஸ். பற்சக்கர வீலில் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும், சின்ன விசை பல்லைத் தள்ளப் போதாது. நேர் ரோட்டில் போய்க்கொண்டே 2, 2 ஆகக் கூட்டுங்கள். பெரும்பாலும் 10ஐ ஒட்டி நிற்கும். கையை எடுத்ததும் வீல் தானாக இடவலமாக ஆடத் தொடங்கினால் கூடிவிட்டது, 2 குறையுங்கள். டைரக்ட் டிரைவுக்கு 0தான்.

கையால் படிப்பது

அதே காரில், இரண்டாம் கியரில், ஒரு மெதுவான பெண்டில் வீலை அவசரப்படாமல் திருப்பிக்கொண்டே போங்கள். கனம் ஏறும். ஓரிடத்தில் ஏறாமல் நிற்கும். இன்னும் திருப்பினால் இறங்கும். டயர் ரோட்டைத் தொடும் இடத்தில் பக்கவாட்டு விசை நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது, வீலை நேராக்கப் பார்ப்பது அந்தத் தள்ளிய தூரம்தான். டயர் எல்லையை நெருங்க நெருங்க அந்தத் தூரம் சுருங்கும். அதனால் பிடி முழுதாகப் போவதற்கு முன்பே ஸ்டியரிங் இலேசாகிவிடுகிறது. முன்கூட்டியே வரும் எச்சரிக்கை இது. புதியவர்கள் இந்த இடத்தில் இன்னும் திருப்புவார்கள், வண்டி இன்னும் நேராகப் போகும். நீங்கள் எக்ஸிலேட்டரை விட்டு, வீலைச் சற்று நேராக்குங்கள். கனம் மறுபடி கைக்கு வரும், கூடவே டயரும்.

பின் டயர் வழுக்குவதைப் பழக பிஎம்டபிள்யூ எம்3 இ30 எடுங்கள். பின்பக்கம் வெளியே போனதும் வீல் தானாக எதிர்ப்பக்கம் ஓடும். இறுக்கிப் பிடித்தால் சுற்றிவிடுவீர்கள். விரலைத் தளர்த்தி ஓடவிட்டு, வண்டி நிமிரும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

மலை ரோடு வேண்டுமென்றால் அதே கேமில் ட்ரெண்டோ–பொண்டோனே இருக்கிறது, இத்தாலியில் 17.3 கிலோமீட்டர் ஏற்றம். ஏப்ரலில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த ரோடு பிடித்துப்போகும். லொறி ஓட்டுவதென்றால் யூரோ டிரக் சிமுலேட்டர் 2இல் பிரித்தானிய நகரம் ஒன்றை ஊராகத் தெரிவுசெய்யுங்கள், நம்மைப்போல் இடப்பக்க ஓட்டம்.

பழுதுகள்

முழுப் பலத்தோடு மிதித்தும் பிரேக் 100ஐத் தொடவில்லையா? ஜி29இன் பிரேக்குக்குள் ஒரு கெட்டியான ரப்பர் கட்டை இருக்கிறது, அதுதான் காரணம். ஜி ஹப்பில் பிரேக் உணர்திறனை 50இலிருந்து கொஞ்சம் ஏற்றுங்கள். பெடலைத் தொடாமலே திரையில் அதன் கோடு துள்ளினால், பெடலின் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு. மூடுபனியும் ஈரமும் உள்ள ஊர்களில் இது சீக்கிரம் வரும். வயரைக் கழற்றிவிட்டு கன்டாக்ட் கிளீனர் ஒரு தடவை அடித்து, பெடலை இருபது முப்பது தடவை மிதித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு மணித்தியாலம் ஓட்டிய பிறகு பலம் குறைந்தால் மோட்டார் சூடாகியிருக்கிறது, ஆறவிட வேண்டும்.

கரண்ட் போய் வரும்போது கணினி யூபிஎஸ்ஸிலும் வீல் சுவரிலும் இருந்தால், கேம் ஓடிக்கொண்டே இருக்கும், வீல் மட்டும் செத்துப்போகும். திரும்பி வந்தாலும் பல கேம்களில் விசை வராது, கேமை மூடித் திறக்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் அடாப்டரையும் யூஎஸ்பியையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். மின்னல் அடங்கிச் செருகும்போது வீல் சுற்றி நடுவில் நிற்கும்வரை கை வைக்காமல் இருந்து, அதன் பிறகு கேமைத் திறங்கள்.