மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். என் அப்பாவும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருஷம் இருந்துவிட்டு நாயப் சுபேதாராக ஊர் திரும்பியவர். நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காலையில் எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் ஒரு வருஷம் தவித்தேன். அப்போதுதான் காயம்பட்டு வீடு திரும்பிய வீரர்களுக்கும், வீரரை இழந்த குடும்பங்களுக்கும் ஒத்தாசை செய்யும் நாலைந்து பேரோடு சேர்ந்தேன். ஏழு வருஷமாகிறது. இன்றைக்கு எனக்கு நாள் போதவில்லை.

“நானும் வரலாமா, ஏதாவது செய்யணும்போல இருக்கு” என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் பாதிப்பேர் மூன்றாவது மாதம் கண்ணில் படுவதில்லை. வந்த வேகத்தில் செய்யும் சில தவறுகள் அந்தக் குடும்பத்தையும் வருத்துகின்றன, வந்தவரையும் விரட்டிவிடுகின்றன. கீழே சொல்பவற்றில் முக்கால்வாசி நானே செய்தவை.

கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போவது

எல்லையில் ஒருவர் இறந்தால் உடல் ஊருக்கு வரும் நாளில் தெரு கொள்ளாது. அமைச்சர், கலெக்டர், கேமரா, மாலை, குண்டு முழக்கம். பதினாறாம் நாள் காரியம் வரை வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். உதவி செய்ய நினைப்பவர்களும் இந்த நாட்களில்தான் அரிசி மூட்டையும் பணக்கவருமாக வருகிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அப்போது யார் வந்தார்கள் என்பதுகூட நினைவிருக்காது.

அவர் தனியாக நிற்கும் நாட்கள் பின்னால் வருகின்றன. யூனிட்டிலிருந்து கணவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி வந்து சேரும் நாள் அதில் ஒன்று. மேலே வெள்ளை பெயின்ட்டில் நம்பரும் பெயரும் இருக்கும். உள்ளே ஷேவிங் செட், பாதி எழுதிய நோட்டு, பிள்ளைக்கென்று வாங்கி வைத்த ஏதாவது. ஒரு வீட்டில் அந்தப் பெட்டி நாலு மாதம் திறக்காமலே கிடந்தது. பூட்டை உடைக்க ஆள் இல்லாமல் இல்லை, பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அப்புறம், அவர் வருஷா வருஷம் லீவில் வரும் மாதம். பிள்ளையின் பள்ளியில் ‘அப்பா கையெழுத்து’ கேட்கும் நாள். முதல் தீபாவளி.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதல் மாதம் போகாவிட்டாலும் பரவாயில்லை, ஆறாவது மாதம் போங்கள். ஒரு டைரியில் அந்த வீட்டின் தேதிகளைக் குறித்து வையுங்கள்.

நமக்குக் கொடுக்கத் தோன்றுவதைக் கொடுப்பது

முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது சக்கர நாற்காலி. ஒருமுறை நாங்களும் பணம் திரட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் வகை. அகலமாக, கனமாக, ரெக்சின் இருக்கையோடு இருந்தது. அவர் வீட்டு வாசல்படிக்குள் அது நுழையவில்லை. நுழைத்த பிறகு அதில் அவர் நாள் முழுக்க உட்கார்ந்ததில் படுக்கைப்புண் வந்துவிட்டது.

உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் ஏறினால் வலி தெரியாது. வலி தெரியாததால் அவர் நகர மாட்டார். தோல் சிவந்து, பிறகு உடைந்து, கவனிக்காவிட்டால் எலும்பு வரை போகும், உயிருக்கே ஆபத்தாகும். அதனால் நாற்காலியில் இருக்கும்போது கால் மணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடலைத் தூக்கிவிட வேண்டும், படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வேண்டும். நாற்காலியை அவரவர் இடுப்பளவுக்கு எடுக்க வேண்டும், அழுத்தம் தாங்கும் குஷன் தனியாக வேண்டும். குஷன் சில வருஷங்களில் தன் வேலையை இழந்துவிடும், மாற்ற வேண்டும். நாற்காலிக்குப் பணம் தர நூறு பேர் வருவார்கள். இரண்டாவது குஷனுக்கு வருகிறவர்தான் உண்மையான உதவி செய்கிறார்.

செயற்கைக் காலிலும் இதே கதைதான். புனேயில் ராணுவத்தின் செயற்கை அவயவ மையம் 1944 முதல் இயங்குகிறது, அங்கே கால் பொருத்தி அனுப்புவார்கள். ஆனால் வெட்டிய காலின் மிச்சப் பகுதி நாளாக நாளாகச் சூம்பும். அது உட்காரும் சாக்கெட் தளர்ந்து உராயும், புண்ணாகும். அப்போது அவருக்குத் தேவை சாக்கெட்டை மாற்ற அங்கே போய்வருவது. துணைக்கு ஒருவர், ரயில் டிக்கெட், ஒரு வாரத்துக்கு மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள். இதையெல்லாம் யாரும் நன்கொடைப் பட்டியலில் எழுதுவதில்லை. கேட்டால்தான் தெரியும். அதனால் வாங்கும் முன் கேளுங்கள், கேட்ட பிறகு அளவெடுங்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு பாக்கியம் உண்டு. பாகாயத்தில் டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அதன் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். அங்கே அந்தத் துறையை வளர்த்த ஹோவர்ட் ரஸ்க், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்க விமானப்படை வீரர்களை நடமாட வைக்கப் பாடுபட்டு அந்த முறைகளைக் கற்றவர். காயம்பட்ட சிப்பாய்களிடமிருந்து பிறந்த வைத்தியம் இப்படிச் சுற்றி நம் வேலூருக்கு வந்தது. ஒரு வீரருக்கு நாற்காலியோ வீட்டுக்குச் சாய்தளமோ ஏற்பாடு செய்யும் முன் இப்படி ஒரு மையத்தின் தெரபிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

“எந்தப் போரில் அடிபட்டீங்க?”

தயவுசெய்து இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். எல்லாக் காயமும் போரில் வந்ததில்லை. பயிற்சியில் விழுந்தவர், வண்டி கவிழ்ந்து அடிபட்டவர், லீவில் வந்தபோது பைக் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். “கார்கிலா சார்?” என்று ஆவலாகக் கேட்டுவிட்டு, “இல்லீங்க, ஆக்ஸிடென்ட்” என்றதும் முகம் மாறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முக மாற்றத்தை அவரும் பார்க்கிறார்.

தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் எந்தப் போருக்கும் போனவர் இல்லை. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூரு போன பொறியியல் மாணவர். உடல்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், 1981-ல் ஓலைக் கொட்டகையில் ஐந்து பிள்ளைகளோடு சங்கத்தைத் தொடங்கினார். இன்று சுற்றியுள்ள எத்தனையோ கிராமங்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அதுதான் கதி. வாழ்க்கை எதற்கு என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையது.

உடன் பிறந்த இன்னொரு தவறும் உண்டு: பரிதாபப்படுவது, இல்லாவிட்டால் உடனே சாதனையாளராக்கப் பார்ப்பது. முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் குண்டடிபட்டு, 1972-ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கினார். கண்ணிவெடியில் காலை இழந்த ஹொகாடோ சேமா 2024 பாரிஸில் குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கினார். பெருமைதான். ஆனால் அடிபட்டு ஆறு மாதமே ஆனவரிடம் இவர்கள் வீடியோவைக் காட்டி “நீங்களும் இப்படி வரணும்” என்று சொல்லாதீர்கள். அவருக்கு இல்லாத காலில் வலி எடுத்துக்கொண்டிருக்கலாம். வெட்டிய காலில் வலி வருவது உண்மையான வலி, கற்பனை கிடையாது. தானே சட்டை மாட்டிக்கொண்ட நாளே அவருக்குப் பதக்க நாள்.

காகிதத்தைத் தாழ்வாக நினைப்பது

பணம் கொடுப்பதுதான் உதவி என்று நினைத்து வருகிறவர்கள் மனுவையும் ஃபைலையும் பார்த்ததும் சோர்ந்துபோகிறார்கள். எனக்கோ இதுதான் கைவந்த வேலை. ஏழு வருஷத்தில் நான் செய்த உதவியில் பெரும்பகுதி காகிதம்தான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.

ஒரு உதாரணம். ராணுவப் பதிவேட்டில் மனைவி பெயர் ‘செல்வி’. ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’. பிறந்த தேதியும் வேறு. கணவர் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்த ஒரு விண்ணப்பம் போதும். அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிற்கும். நீலகிரி வெலிங்டனுக்கோ பெங்களூருவுக்கோ ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் மேல் கடிதம் போட வேண்டும். ஆகவே ஓய்வு பெற்ற வீரர் ஒருவர் வீட்டுக்குப் போனால் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் நாலையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுத்தாரா என்று கேளுங்கள். பென்ஷன் இப்போது ‘ஸ்பர்ஷ்’ இணையதளம் வழியாக வருகிறது. கண் சரியாகத் தெரியாத எண்பது வயது விதவைக்கு அது மலை. உங்கள் வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு கொஞ்ச நேர வேலை.

எங்கே கேட்பது என்பதிலும் தவறு நடக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படைக்காரர்களுக்கு மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. டிசம்பர் 7 கொடிநாளில் திரட்டும் நிதி இவர்கள் நலனுக்குத்தான், 1949 முதல் அந்த வழக்கம். மருத்துவத்துக்கு 2003 முதல் இசிஹெச்எஸ் திட்டம் இருக்கிறது. ஆனால் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படை வீரர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள். 2019 புல்வாமாவில் இறந்த 40 பேரும் சிஆர்பிஎஃப்காரர்கள், இருவர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். இந்தக் குடும்பங்களை முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு அனுப்பினால் அலைந்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்களுக்கு அவர்கள் படையின் அலுவலகம்தான் வாசல், சிஆர்பிஎஃப் என்றால் குரூப் சென்டர்.

ஊனத்தின் சதவீதம், ‘பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா’ என்ற மெடிக்கல் போர்டின் முடிவு, இவையெல்லாம் சட்ட விஷயம். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது, மேல்முறையீட்டுக்குக் காலக்கெடுவும் இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு “உங்களுக்குக் கண்டிப்பா வரும்” என்று சொல்லிவிடாதீர்கள். வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மேடை

பாராட்டு விழா வைத்து வீரரின் மனைவியை மேடையில் நிறுத்தி, அவர் கணவர் இறந்த கதையை மைக்கில் சொல்லி, அவர் அழுவதைப் படமெடுக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போகாதீர்கள். நடத்தவும் நடத்தாதீர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் நியாயம் சொல்வது

குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு வரும். காப்பீட்டுத் தொகை இறந்தவர் யார் பெயரை எழுதி வைத்தாரோ அவருக்குப் போகும். பெற்ற தாய் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரே ஆளை இழந்தவர்கள். நாம் போனதும் இருவரும் தனித்தனியே நம்மிடம் குறை சொல்வார்கள். நான் ஒருமுறை மாமியார் பக்கம் பேசிவிட்டேன், வயதானவர் என்று. அந்தப் பெண் அதன் பிறகு ஒரு வருஷம் எனக்குக் கதவைத் திறக்கவில்லை. அவளுக்கு 23 வயது, கையில் குழந்தை, சொந்த அண்ணனே பணத்தைக் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியாது. விதி என்ன சொல்கிறது என்பதை இருவர் முன்னிலையிலும் ஒரே மாதிரி படித்துக் காட்டுங்கள், அதோடு நில்லுங்கள். அந்தப் பெண் மறுமணம் செய்துகொள்ள விரும்பினால் முதலில் வாழ்த்துங்கள்.

பணமும் வாக்கும்

வாட்ஸ்அப்பில் வரும் வங்கிக் கணக்கு எண்ணை நம்பிப் பணம் போடாதீர்கள், மற்றவர்க்கும் அனுப்பாதீர்கள். கொடிநாள் நிதிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் ரசீது தருவார்கள். மத்திய ஆயுதக் காவல் படைக் குடும்பங்களுக்கு 2017-ல் தொடங்கிய ‘பாரத் கே வீர்’ தளம் இருக்கிறது. ஊருக்குள் நீங்களே திரட்டினால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கெழுதி, குடும்பத்திடமும் கொடுத்தவர்களிடமும் காட்டுங்கள்.

பணத்தைவிட வாக்கு ஆபத்தானது. கணுக்காலுக்குக் கீழே இழந்த ஒருவருக்கு “ரெண்டு மாசத்துல வேலை வாங்கித் தர்றேன்” என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்துவிட்டது. அதை நம்பி, கையில் இருந்த காவலாளி வேலையை அவர் வேண்டாமென்று விட்டார். என்னால் வாங்கித் தர முடியவில்லை. எட்டு மாதம் அவர் வீட்டில் சம்பளம் இல்லை. இப்போதெல்லாம் “விசாரிச்சுட்டு வெள்ளிக்கிழமை போன் பண்றேன்” என்று மட்டும் சொல்கிறேன். பதில் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை போன் பண்ணிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு உடம்பு முடியாமல் போகலாம், மகன் வீட்டுக்கு வெளியூர் போக நேரலாம். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஏற்கெனவே ஒருவர் சொல்லாமல் போய்விட்ட வீடு அது. ஒரு மாதம் முன்பே சொல்லி, அடுத்து வருகிறவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்து, அந்த வீட்டு ஃபைலையும் தேதிகள் குறித்த டைரியையும் அவர்கள் கண் முன்னால் அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.