பாம்பன் கருவாட்டுக்கு வாட்ஸ்அப் விளம்பரம் போடுவது எப்படி?

ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டு, அதைத் தட்டுபவரை வாட்ஸ்அப்புக்கு வரவழைத்துக் கருவாடு விற்க வருபவர்கள் முதலில் கோட்டைவிடுவது இடத்தேர்வில்தான். பாம்பனில் குறி வைத்து 40 கிலோமீட்டர் வட்டம் போட்டால் பெரும்பகுதி கடல். மிச்சமிருப்பவர்களுக்கு வாசலிலேயே கருவாடு வரும். போதாக்குறைக்கு, அங்கே வசிப்பவர்களோடு அண்மையில் வந்துபோனவர்களையும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சேர்த்துக்கொள்ளும். அக்னி தீர்த்தத்தில் நீராட வந்தவருக்கு நெத்திலியைக் காட்டிப் பணம் கரையும்.

ஆகவே பதிவின் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை விட்டுவிட்டு, மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜருக்குப் போங்கள். நோக்கம் 'என்கேஜ்மென்ட்', செய்தி வரும் இடம் வாட்ஸ்அப். மதுரை, கோவை என உங்கள் கூரியர் போகும் ஊர்களை மட்டும் சேருங்கள், ராமேசுவரத்தை விலக்குங்கள். நாளுக்கு 200 ரூபாய், 5 நாள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1180 ரூபாய். நடுவில் பெரிதாக எதையும் மாற்றாதீர்கள், யாருக்குக் காட்டினால் பலன் என்று மெட்டா கற்றுக்கொள்ளும் 'கற்றல் கட்டம்' மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

வீடியோ 9:16 அளவில், 15 விநாடி போதும். எடுத்த எடுப்பிலேயே ஒரு நெத்திலியை ஒடித்துக் காட்டுங்கள். நன்றாகக் காய்ந்தது படக்கென்று முறியும்; ஈரம் இருந்தால் வளையும். வாங்குபவர் பார்க்க நினைப்பது அதைத்தான். எடையும் விலையும் திரையில் எழுத்தாக இருக்கட்டும், பலர் ஒலியில்லாமல் பார்ப்பார்கள்.

பச்சை மீனும் விற்கிறீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அந்த 61 நாளும் அதன் விளம்பரத்தை நிறுத்தி, பணத்தைக் கருவாட்டுப் பக்கம் திருப்புங்கள்.