இன்சுலின் பாட்டிலிலிருந்து பருத்திக் காடு வரை: மரபணுப் பொறியியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் யாராவது சுகருக்கு இன்சுலின் போட்டுக்கொண்டால், ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் பாட்டிலின் லேபிளைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். ‘ஹியூமன் இன்சுலின்’, பக்கத்திலேயே ‘ஆர்டிஎன்ஏ ஆரிஜின்’ (வெவ்வேறு டிஎன்ஏ துண்டுகளை ஒட்டிச் சேர்த்து, அதைக்கொண்டு தயாரித்தது) என்று பல பாட்டில்களில் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, மனித உடம்பிலிருந்து எடுத்த மருந்து போல என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி தப்பாகச் சொல்வார்கள்: மனிதனின் இன்சுலின் மரபணுவை வெட்டி பாக்டீரியாவுக்குள் ஒட்டினார்கள், அது இன்சுலினைச் சுரந்தது, அவ்வளவுதான்.

வெட்டி ஒட்டுவது இதில் சின்ன வேலை. நம் இன்சுலின் மரபணுவின் நடுநடுவே புரதத்துக்குத் தேவைப்படாத இன்ட்ரான் துண்டுகள் உண்டு. நம் செல் அவற்றை மரபணுவின் நகலான ஆர்என்ஏ நிலையில் கழற்றிவிடும், ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அந்த வேலை தெரியாது. மரபணுவை அப்படியே தூக்கிப் போட்டால் உருப்படியான இன்சுலின் வராது. அதனால் 1978-ல் கலிஃபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையமும் சேர்ந்து இதைச் செய்தபோது, மனித டிஎன்ஏவிலிருந்து எதையும் வெட்டவில்லை, தேவையான வரிசையை வேதிமுறையில் கட்டிச் சேர்த்தார்கள். இன்சுலினுக்கு இரண்டு சங்கிலிகள், ஏ-யில் 21 அமினோ அமிலங்கள், பி-யில் 30. இரண்டையும் தனித்தனி பாக்டீரியாக்களில் வளர்த்தார்கள். இத்தனை சின்னப் புரதத்தை பாக்டீரியா தானே சிதைத்துவிடும் என்பதால் அதன் சொந்தப் புரதமான பீட்டா காலக்டோசிடேஸின் வாலில் மாட்டிவிட்டார்கள், மாட்டிய இடத்தில் ஒரு மெத்தியோனினை வைத்தார்கள். சயனோஜன் புரோமைடு என்ற வேதிப்பொருள் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் புரதத்தை வெட்டும், இன்சுலினுக்குள் மெத்தியோனினே கிடையாது, ஆகவே மற்றதெல்லாம் துண்டு துண்டாகப் போக இன்சுலின் சங்கிலி மட்டும் முழுசாகத் தப்பிக்கும். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அப்புறம் இரண்டு சங்கிலிகளையும் சேர்த்து, கந்தகப் பிணைப்புகள் சரியான இடத்தில் விழ வைத்து, சுத்திகரித்து, எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் ‘ஹியூமுலின்’ இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1982 அக்டோபரில். என்சிஇஆர்டி பள்ளிப் பாடப்புத்தகம் இதற்கு 1983 என்று சொல்கிறது. பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதையே எழுதிவிடுங்கள், ஆனால் அந்த வருடம் பிறக்கும் முன்பே மருந்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்பதும் மனதில் இருக்கட்டும்.

ஆர்டிஎன்ஏ இன்சுலின் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது இன்னும் ஆபத்தான தவறு. லிஸ்ப்ரோ என்ற இன்சுலின் வகையில் பி சங்கிலியின் 28, 29-ஆம் அமினோ அமிலங்களை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள், அதனால் வேகமாக வேலை செய்யும். கிளார்ஜின் என்ற இன்னொரு வகையில் செய்த மாற்றத்தால் அது தோலுக்கடியில் படிந்து நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரையும். கடையில் ஒன்று இல்லையென்று டாக்டரைக் கேட்காமல் இன்னொன்றை வாங்கிப் போடுவது விளையாட்டில்லை.

சரி, இன்சுலினுக்கு ஈ.கோலை போதுமென்றால் எல்லாவற்றுக்கும் போதுமா? போதாது. ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டினின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்க வேண்டும், ஈ.கோலை அதை ஒட்டித் தராது. அதனால் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களில் வளர்க்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் புரதம் ஈஸ்டில் தயாராகிறது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் அதை உள்நாட்டிலேயே செய்து வெளியிட்ட பிறகுதான் விலை கீழே இறங்கியது.

தொழிற்சாலைப் பக்கம் அடிக்கடி நடப்பது, நுண்ணுயிரையும் அது தரும் பொருளையும் குழப்பிக்கொள்வது. சீஸுக்குப் பாலைத் திரிக்கும் கைமோசின் ஒரு காலத்தில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து வந்தது. கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் வைத்துத் தயாரித்த கைமோசினுக்கு 1990-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. சுத்திகரித்து எடுத்த நொதிதான் பாலில் சேர்கிறது, அதில் கன்றும் இல்லை, நுண்ணுயிரும் இல்லை. சோப்புத்தூளில் எண்ணெய்க்கறை எடுக்கும் லைப்பேஸும் இதே ரகம்.

பருத்தியில் மட்டும் கதை வேறு, அங்கே மாற்றிய உயிரே வயலில் நிற்கிறது. இந்தியாவில் 2002-ல் அனுமதி பெற்ற பிடி பருத்தியில் இருப்பது காய்ப்புழுவின் குடலைத் தாக்கும் புரதம், பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் (சுருக்கமாக பிடி) என்ற பாக்டீரியாவின் மரபணு தருவது. வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் அது ஒன்றும் செய்யாது. ‘பிடி போட்டாச்சு, பூச்சியே வராது’ என்று நம்பியவர்கள் அங்கேயே ஏமாந்தார்கள். அதைவிடப் பெரிய தவறு, 450 கிராம் விதைப் பையோடு கொடுத்த 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையைப் பலர் விதைக்காமல் விட்டது. வயலைச் சுற்றி அதை விதைத்தால் நஞ்சைத் தாங்காத புழுக்கள் அங்கே பிழைத்திருக்கும், வளர்ந்து அந்துப்பூச்சியானதும் தாங்கும் வகையோடு இணைசேர்ந்து எதிர்ப்புத் தன்மை பரவுவதைத் தாமதப்படுத்தும். ‘பூச்சிக்குத் தீனி போடவா நிலம் வைத்திருக்கிறேன்’ என்று கேட்ட விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏன் என்று அவருக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் எதிர்ப்புப் பெற்றது 2010-ல் உறுதியானது, பிறகு இரண்டு நஞ்சு கொண்ட ரகத்தையும் அது தாண்டிவிட்டது. கடைசிப் பறிப்புக்காகச் செடியை மாதக்கணக்கில் கூடுதலாக நிற்கவிட்டதும் இதற்கு ஒரு காரணம்.

இடையில் ஒன்று: விதையில்லாத தர்பூசணியும் கலப்பின விதையும் மரபணுப் பொறியியல் இல்லை. 1996-ல் பிறந்த டாலி ஆடும் இல்லை, அது நகலாக்கம்.

மருத்துவத்தில் இப்போது எல்லோர் வாயிலும் கிரிஸ்பர், அதாவது டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கருவி. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த ‘காஸ்ஜெவி’, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய்க்கு, கிரிஸ்பரை வைத்துச் செய்யும் சிகிச்சை. பழுதான மரபணுவைச் சரிசெய்கிறது என்று செய்திகளில் எழுதிவிடுகிறார்கள், அப்படி இல்லை. பழுது அப்படியே இருக்கிறது. கருவில் இருக்கும்போது சுரந்து பிறந்த பின் அடங்கிப்போகும் ஹீமோகுளோபினை, பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் பிடியைத் தளர்த்தி, மறுபடி சுரக்க வைக்கிறார்கள். ஒரே ஊசியில் முடிகிற காரியமும் இல்லை. ரத்தத்திலிருந்து, ரத்த அணுக்களை உண்டாக்கும் தண்டு செல்களைப் பிரித்து, வெளியே வைத்துத் திருத்தி, கடுமையான கீமோ மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்துவிட்டுத்தான் திரும்ப ஏற்றுவார்கள்.

கடைசியாக, இந்த மாற்றம் ரத்தத் தண்டு செல்களில் மட்டும்தான், விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லை. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் 1952-லேயே இந்நோய் பதிவாகியிருப்பதால் இது நமக்குத் தூரத்துச் செய்தியும் இல்லை. சிகிச்சையால் நன்றாகிவிட்டவரும் தன் பிள்ளைக்கு அந்த மரபணுவைக் கடத்துவார், ஆகவே கல்யாணத்துக்கு முன் துணைக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.