நார்கோட்டிக் கணக்கு இடித்தால்: அமெரிக்காவில் வேலை பார்க்கும் நர்ஸ் முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

"ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போங்கள்" என்று மேனேஜர் கூப்பிடுவார். உள்ளே போனால் ஃபார்மசியிலிருந்து ஒருவர், எச்.ஆர்.-இலிருந்து ஒருவர், மேசைமேல் மஞ்சள் மார்க்கர் இழுத்த தாள்கள். நோயாளிக்கென்று எடுத்த நார்கோட்டிக் (கட்டுப்பாட்டில் உள்ள வலிமருந்து) வேறெங்கோ போயிற்று என்ற சந்தேகத்துக்கு ஆஸ்பத்திரிப் பேச்சில் டைவர்ஷன் என்று பெயர். அதன் விசாரணை பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் தொடங்கும்.

அந்த அறையில் பேசுவது ஆஸ்பத்திரியின் கோப்போடு நிற்காது. அதே தாள் லைசென்ஸ் தரும் மாநில நர்ஸிங் போர்டுக்குப் போகும், போலீஸுக்கோ கூட்டாட்சிப் போதைமருந்துத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ.-வுக்கோ போகலாம், பிறகு மெடிகேர் போன்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் விலக்குப் பட்டியல்வரை எட்டும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்குக் குடியேற்றத் துறையும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, ஆனால் சாட்சியம் ஒன்றே. ஓரிடத்தில் சமாதானமாகப் போகட்டும் என்று சொன்ன வாக்கியம் இன்னோரிடத்தில் ஒப்புதல் வாக்குமூலமாக நிற்கும்.

கணக்கு எங்கே பிடிபடுகிறது

பிக்சிஸ், ஓம்னிசெல் போன்ற மருந்து அலமாரிகள் ஒவ்வொரு திறப்பையும் நொடிக்கணக்கில் பதிகின்றன. ஒரு உதாரணம் பாருங்கள். ஆர்டர் ஹைட்ரோமார்ஃபோன் என்ற வலிமருந்து 0.5 மி.கி.; அலமாரியில் இருப்பதோ 1 மி.கி. சிரிஞ்ச். எடுத்த நேரம் 02:14. சார்ட்டில் கொடுத்ததாக ஸ்கேன் ஆன நேரம் 02:51. மீதி 0.5 மி.கி.-ஐ இன்னொரு நர்ஸ் முன்னால் கொட்டியதாகப் பதிவான நேரம் 05:40. கொடுப்பதற்கு முன்னும் பின்னும் வலி அளவு எழுதவில்லை. அதே நோயாளி மற்ற ஷிப்டுகளில் அசெட்டமினோஃபென் மாத்திரையோடு தூங்கியிருக்கிறார்.

ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கலாம். பக்கத்து அறையில் கோட் ப்ளூ (உயிர்காக்கும் அவசர அழைப்பு) ஓடியிருக்கும், கொட்டுவதைப் பார்க்க விட்னஸ் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் மென்பொருளுக்குக் காரணம் தெரியாது. மாதம் முழுவதையும் கூட்டி, அதே யூனிட்டில் உள்ளவர்களோடு ஒப்பிட்டு, சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறீர்கள் என்று காட்டும். ஆர்டர் வராமலே ஓவர்ரைடில் எடுப்பது, அலமாரியைத் திறந்துவிட்டு ரத்து செய்வது, டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் பெயரில் எடுப்பது, சின்ன அளவு இருக்கும்போதே பெரிய வயலை (மருந்துக் குப்பியை) எடுப்பது, எப்போதும் ஒரே ஆளை விட்னஸாக வைப்பது: அவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

இந்த அறிக்கைக்குப் பலவீனமும் உண்டு. ஓவர்டைம் அதிகம் செய்பவர், யூனிட் யூனிட்டாக மாற்றி அனுப்பப்படும் ஃப்ளோட் நர்ஸ், ஆபரேஷன் முடிந்து வரும் நோயாளிகளையே வாங்கிப் பார்ப்பவர், மற்றவர்களுக்காக எடுத்துக் கொடுக்கும் சார்ஜ் நர்ஸ் எல்லோருமே குற்றமில்லாமல் பட்டியலின் மேலே வருவார்கள். அதனால் வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியவை: யாரோடு ஒப்பிட்டார்கள், மொத்த எண்ணிக்கையா, ஷிப்டுக்கு இத்தனை என்ற விகிதமா, அலமாரிக் கடிகாரமும் சார்ட் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றனவா.

முதல் மணி நேரம்

மூன்று வாரத்துக்கு முந்தைய இரவு ஷிப்டை நினைவிலிருந்து விளக்கவே விளக்காதீர்கள். உங்கள் நினைவு ஒரு மணி நேரம் தவறினாலும், நொடி பதிந்த லாக்கின் முன்னால் அது பொய்யாகத் தெரியும். தேதி, நோயாளி எண்ணிக்கை, மருந்துப் பெயர் இவற்றைக் குறித்துக்கொண்டு, "ஒத்துழைக்கிறேன், வழக்கறிஞரிடம் பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். யூனியன் உறுப்பினர் என்றால், தண்டனைக்கு இட்டுச்செல்லக்கூடிய விசாரணையில் பிரதிநிதியைக் கூட வைத்துக்கொள்ளும் உரிமை 1975-இன் வைன்கார்டன் தீர்ப்பிலிருந்து உண்டு. ஆனால் நீங்கள்தான் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மௌனத்துக்கும் விலை உண்டு. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்னும் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் அரசுக்கு எதிரான பாதுகாப்பு. தனியார் ஆஸ்பத்திரி, பதில் சொல்லவில்லை என்றே வேலையை விட்டு நீக்கலாம். வேலை போனாலும் வேறு வேலை தேடலாம். வழக்கில் கையெழுத்திட்ட வாக்குமூலத்தைத் திரும்ப வாங்க முடியாது.

சிறுநீர்ப் பரிசோதனை கேட்டால் நிலைமை வேறு. மறுப்பதைப் பல நிறுவனங்களும் போர்டுகளும் பாசிட்டிவ் போலவே எடுத்துக்கொள்கின்றன. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளின் பட்டியல், சாம்பிள் கைமாறும் படிவத்தின் நகல் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குப்பியின் சீல் உங்கள் கண்முன்னே ஒட்டப்பட வேண்டும், அதில் உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும்.

அன்று இரவு வீட்டிலிருந்து நிறையப் பேர் செய்யும் மூன்று காரியங்கள் உண்டு, மூன்றும் குழி பறிப்பவை. ஒன்று, சந்தேகம் தீர்க்க அந்த நோயாளியின் சார்ட்டைத் திறந்து பார்ப்பது; சிகிச்சைக் காரணமில்லாமல் திறந்தால் அதுவே ஹிப்பா (நோயாளி ரகசியச் சட்டம்) மீறல், அந்தத் திறப்பும் பதிவாகும். இரண்டு, விடுபட்ட குறிப்பை இப்போது நிரப்புவது. பின்னால் எழுதிய நேரம் தணிக்கைத் தடத்தில் அப்படியே இருக்கும். மூன்று, விட்னஸ் போட்ட தோழிக்கு "அக்கா, நீங்க பாத்தீங்கதானே, சொல்லிடுங்க" என்று வாட்ஸ்அப் அனுப்புவது. அதைச் சாட்சியைக் கலைக்கும் முயற்சி என்றுதான் படிப்பார்கள். நினைவில் உள்ளதை எழுதவேண்டுமென்றால் வழக்கறிஞருக்கு எழுதும் கடிதமாக எழுதுங்கள். அதற்குத்தான் ரகசியப் பாதுகாப்பு.

சொந்தமாக நர்ஸ் காப்பீட்டு பாலிசி வைத்திருந்தால் உடனே எடுத்துப் பாருங்கள். பல பாலிசிகளில் லைசென்ஸ் வழக்குச் செலவுக்குத் தனித் தொகை இருக்கும். தாமதமாகத் தெரிவித்தால் மறுத்துவிடுவார்கள். வழக்கறிஞரிலும் ஆள் பார்த்துப் பிடிக்க வேண்டும். கிரிமினல் வழக்கறிஞருக்குப் போர்டு நடைமுறை தெரியாமல் இருப்பது சாதாரணம்.

ராஜினாமா செய்தால் போர்டுக்குப் போகாது என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். நம்பாதீர்கள். புகார் வேலையைத் தொடர்ந்து வருவதில்லை, லைசென்ஸைத் தொடர்ந்து வருகிறது. ஆஸ்பத்திரிக்கும் தன் கடமை இருக்கிறது: திருட்டோ பெரிய இழப்போ தெரிந்தால் ஒரு வேலைநாளுக்குள் டி.இ.ஏ.-வுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், 45 நாளுக்குள் 106-ஆம் எண் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

போர்டின் கடிதம்

முதலில் சின்ன விஷயம்: போர்டில் பதிந்துள்ள உங்கள் முகவரி சரியா? பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போன கடிதத்துக்குப் பதில் வராமல், விசாரணையே இல்லாமல் உத்தரவு போடப்பட்டு லைசென்ஸ் இழந்தவர்கள் உண்டு. கடிதத்தில் பதில் தேதி அச்சிட்டிருக்கும். நீட்டிப்பு வேண்டுமென்றால் அந்தத் தேதிக்கு முன்னாலேயே எழுத்தில் கேட்க வேண்டும்.

போர்டு கிரிமினல் நீதிமன்றம் அல்ல. பல மாநிலங்களில் "இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்ற அளவுக்கு நிரூபித்தால் போதும்; கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டும் அதைவிட உயர்ந்த அளவு. அதனால் கோர்ட்டில் வழக்கு தள்ளுபடியானாலும் போர்டு தண்டிக்கலாம். மருந்து எங்கே போனது என்று காட்ட முடியாவிட்டாலும், கொட்டியதற்குப் பதிவில்லை என்பதே தனிக் குற்றச்சாட்டாக நிற்கும். தண்டனை கண்டனம், நிபந்தனை லைசென்ஸ், தற்காலிக நீக்கம், ரத்து என்று போகும். ஆபத்து உடனடியானது என்று தோன்றினால் விசாரணைக்கு முன்பே நிறுத்திவைக்கும் அதிகாரமும் உண்டு.

"விருப்பத்தோடு லைசென்ஸை ஒப்படைக்கிறேன்" என்ற தாளை மிக மரியாதையாக நீட்டுவார்கள். விசாரணையின்போது ஒப்படைத்தால் அதுவும் தண்டனைக் கணக்கில்தான் சேரும். தேசிய மருத்துவர் தகவல் வங்கியான என்.பி.டி.பி.-க்குப் போகும், நர்ஸ் லைசென்ஸ் விவரம் காட்டும் நர்சிஸ் இணையதளத்தில் எந்த முதலாளியும் பார்க்கலாம். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் செல்லும் கூட்டு லைசென்ஸ் இருந்தால், ஒரு மாநிலம் கட்டுப்பாடு போட்டதும் மற்ற மாநில உரிமை போய்விடும். வேறு மாநிலத்துக்கு மாறித் தப்பலாம் என்ற யோசனை அங்கேயே முடிகிறது.

கிரிமினல் சட்டமும் மெடிகேர் விலக்கும்

கூட்டாட்சிச் சட்டத்தில் பொய்யாலோ ஏமாற்றாலோ கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைப் பெறுவது, 21-ஆம் தலைப்பின் 843-ஆம் பிரிவில் 4 ஆண்டுவரை சிறை. வெறுமனே வைத்திருப்பது 844-ஆம் பிரிவில், முதல் முறைக்கு ஓராண்டுவரை. சார்ட்டில் எழுதிய ஒவ்வொரு பொய்ப் பதிவையும் தனிக் குற்றமாக எண்ணலாம். மாநிலச் சட்டம் வேறு இருக்கிறது. வயலிலிருந்து ஃபென்டனிலை உறிஞ்சிவிட்டு சலைன் நிரப்புவது அடியோடு வேறு கதை. 18-ஆம் தலைப்பின் 1365-ஆம் பிரிவில் 10 ஆண்டுவரை, நோயாளிக்குக் கடும் காயம் என்றால் 20 ஆண்டுவரை, உயிர் போனால் ஆயுள்வரை. நியூ ஹாம்ப்ஷயரில் தான் குத்திக்கொண்ட சிரிஞ்சை மாற்றிவைத்து நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் சி பரப்பிய ஆஸ்பத்திரி டெக்னீஷியனுக்கு 2013-இல் கிடைத்தது 39 ஆண்டு.

சிறை இல்லாமல் முடிந்தாலும் பலருக்குப் பிழைப்பைக் கெடுப்பது விலக்குப் பட்டியல்தான். கட்டுப்படுத்தப்பட்ட மருந்து தொடர்பான ஃபெலனி (பெருங்குற்றம்) தண்டனை என்றால் மெடிகேர், மெடிகெய்டு உட்பட கூட்டாட்சித் திட்டங்களிலிருந்து குறைந்தது 5 ஆண்டு கட்டாய விலக்கு. மிஸ்டிமீனருக்கும் (சிறுகுற்றம்) லைசென்ஸ் இழப்புக்கும் விலக்கலாமா என்று அதிகாரி முடிவு செய்வார். இந்தப் பட்டியலில் உள்ளவரைக் கூட்டாட்சிப் பணம் வரும் இடத்தில் நர்ஸாக மட்டுமல்ல, அலுவலக வேலைக்குக்கூட வைக்க ஆஸ்பத்திரி தயங்கும். வைத்தால் அபராதம் அவர்களுக்கு. ஃபெலனியா மிஸ்டிமீனரா என்று பேரம் பேசும்போது உங்கள் வழக்கறிஞர் இந்த 5 ஆண்டை மனத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

விசா, கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். குடியேற்றச் சட்டத்தில் போதைமருந்துக் குற்றத்துக்குக் கருணை மிகக் குறைவு: சொந்த உபயோகத்துக்கு 30 கிராம்வரை மரிஜுவானா வைத்திருந்த ஒற்றைக் குற்றத்தைத் தவிர, கட்டுப்படுத்தப்பட்ட மருந்து தொடர்பான எந்தத் தண்டனையும் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடுகடத்தலுக்கு ஆளாக்கும். மிஸ்டிமீனரும் அதில் சேர்த்தி.

பொறி இருப்பது "தண்டனை" என்ற சொல்லில். மாநில கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஓராண்டு ஒழுங்காக இருந்தால் வழக்கு அழிக்கப்படும் என்று சொல்வார்கள். அது நல்ல பேரம் போலத் தெரியும். ஆனால் ஒப்புதலும் நீதிபதி போட்ட ஏதாவது ஒரு நிபந்தனையும் இருந்தாலே, குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான். பிறகு அழித்தாலும் பெரும்பாலும் மாறாது. ஒப்புதல் கேட்காத, வழக்குக்கு முந்தைய திட்டம் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். தண்டனையே இல்லாமல், குற்றத்தின் கூறுகளை அதிகாரியிடம் ஒப்புக்கொள்வதும் மறுபடி நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப் போதுமானது. ஊருக்கு வந்து திரும்பும்போது விமான நிலையத்தில் மாட்டுவது இதனால்தான். ஒப்புதல் வாதத்தால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று கிரிமினல் வழக்கறிஞர் சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் படில்லா தீர்ப்பு சொன்னது. அவர் "பிரச்சினை வராது" என்று மேம்போக்காகச் சொன்னால், குடியேற்ற வழக்கறிஞரிடம் காசு கொடுத்து எழுத்தில் வாங்குங்கள்.

உண்மையிலேயே பழக்கம் இருந்தால்

பல மாநிலங்களில் தண்டனைக்கு மாற்றாகக் கண்காணிப்புத் திட்டம் உண்டு: டெக்சாஸில் டி.பி.ஏ.பி.என்., ஃப்ளோரிடாவில் ஐ.பி.என். புகார் போவதற்கு முன் தானாகப் போய்ச் சேருபவருக்கு வழி அகலமாக இருக்கும். நோயாளிக்குத் தீங்கு செய்தவருக்கும் மருந்தை விற்றவருக்கும் பெரும்பாலும் கதவு மூடும். சேருவதற்கு முன் ஒப்பந்தத்தை வழக்கறிஞரோடு வரிவரியாகப் படியுங்கள். சிலவற்றில் குற்ற ஒப்புதல் வாக்கியம் இருக்கும், குடியேற்றச் சிக்கல் அங்கே தொடங்கும். சேர்ந்த காலம் முழுக்கக் கூட்டு லைசென்ஸின் மற்ற மாநில உரிமை நிறுத்திவைக்கப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சிகிச்சைப் பதிவுகளுக்குத் தனிக் கூட்டாட்சிப் பாதுகாப்பு உண்டு. "எல்லாப் பதிவுகளையும் தரலாம்" என்று பொத்தாம்பொதுவாகக் கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றிவிட்டதாகும்.

திட்டத்துக்குள் போனபின் வாழ்க்கை தினமும் காலையில் செக்-இன் செய்வதில் தொடங்கும். இன்று பரிசோதனை உண்டு என்று வந்தால் அன்றே போயாக வேண்டும், செலவு உங்களுடையது. வழக்கமாக 3 முதல் 5 ஆண்டு ஓடும். வேலைக்குத் திரும்பிய ஆரம்ப மாதங்களில் நார்கோட்டிக் அலமாரி அனுமதி இருக்காது. இரவு ஷிப்டும் ஏஜென்சி வேலையும் பெரும்பாலும் தடை. செக்-இன் தவறியதும் மீறலாக எழுதப்படும், எனவே ஃபோனில் இரண்டு அலாரம் வையுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், இருமல் சிரப், கசகசா சேர்த்த உணவு மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். போகும் வழியில் பயத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு. கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மி.கி.-க்குக் கீழே போய், ஒப்படர்த்தியும் 1.003-க்குக் கீழே இறங்கினால் சாம்பிள் "நீர்த்தது" என்று குறிக்கப்படும், மறைக்கப் பார்த்தாரோ என்ற கேள்வி வரும். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும். ஆய்வகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிடுங்கள்.