மழலையர் திட்டத்துக்கு பட்ஜெட்டில் பணம் கேட்பது எப்படி?

"ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரசு கூடுதலாகச் செலவிட வேண்டும்" என்று மனு கொடுத்தால் எந்த அமைச்சரும் மறுக்க மாட்டார். வாங்கி உதவியாளரிடம் கொடுப்பார், அதோடு சரி. எந்தக் கணக்குத் தலைப்பு (பட்ஜெட்டில் செலவு பதிவாகும் வரி), எவ்வளவு தொகை, எந்த ஆண்டு என்ற மூன்றும் இல்லாத கோரிக்கையை நிதித்துறையால் கோப்பில் ஏற்ற முடியாது.

முதல் வேலை, கடந்த மூன்று ஆண்டு பட்ஜெட் ஏடுகளைப் பார்ப்பது. பட்ஜெட் மதிப்பீடு (ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கியது), திருத்திய மதிப்பீடு (ஆண்டின் நடுவே மாற்றியது), உண்மைச் செலவு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உண்மைச் செலவு வெகுவாகக் குறைந்திருந்தால், "கொடுத்ததையே செலவழிக்கவில்லையே" என்ற கேள்வி நிச்சயம் வரும். பெரும்பாலும் காரணம் காலிப் பணியிடமாகவோ, ஆண்டின் கடைசியில் விடுவிக்கப்பட்ட பணமாகவோ இருக்கும். அப்படியானால் கூடுதல் நிதியை இந்த ஆண்டு கேட்காதீர்கள். பணியிடத்தை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது செலவுக் கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். 400 மழலையர் மையங்களில் தலா ஓர் உதவியாளர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழு ஆண்டுக்கு 4,800 மாதச் சம்பளம். ஆனால் ஆணை வந்து, விளம்பரம் கொடுத்து, ஆள் எடுத்து முடிக்கவே ஆறு மாதம் ஓடிவிடும். முதல் ஆண்டுக்கும் முழுத் தொகை வாங்கினால் பாதி மிஞ்சும்; மறு ஆண்டு அதைக் காட்டியே வெட்டுவார்கள். எனவே முதல் ஆண்டுக்கு 2,400 மாதச் சம்பளம், இரண்டாம் ஆண்டு முதல் 4,800 என்று பிரித்து எழுதுங்கள். விடுப்பில் போவோருக்கு மாற்று ஆள், பயிற்சி நாட்கள், மேற்பார்வையாளரின் பயணப்படி மூன்றையும் தனி வரிகளாகச் சேருங்கள். ஒருமுறைச் செலவையும் தொடர் செலவையும் கலக்கவே கூடாது. கட்டடத்துக்குப் பணம் கிடைப்பது சுலபம், திறப்பு விழா நடத்தலாமே! சம்பளத்துக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. ஆனால் ஆள் இல்லாத கட்டடம் பூட்டித்தான் கிடக்கும்.

ஆய்வுகளை அளவோடு சொல்லுங்கள். அமெரிக்காவின் இப்சிலான்டியில் 1962-ல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வை, முன்பள்ளியால் பலன் உண்டு என்பதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவார்கள். அதில் இருந்தது 123 குழந்தைகள்தான். விவரம் தெரிந்த அதிகாரி அதைச் சுட்டிக்காட்டுவார். ஜமைக்காவின் கிங்ஸ்டன் ஆய்வு பல இடங்களில் இதைவிடப் பொருத்தம். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு ஊழியர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்று, பிள்ளையோடு விளையாடத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 22 வயதில் அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல்.

பாதகமான சான்றையும் நீங்களே முதலில் எடுத்து வையுங்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசு முன்பள்ளிக்குப் போன பிள்ளைகள், ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்ததாக 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. மையம் திறந்தால் மட்டும் பலன் வந்துவிடாது. ஓர் ஆசிரியைக்கு எத்தனை குழந்தைகள், பயிற்சி எப்படி என்பதைப் பொறுத்தது. இதைச் சொன்னால் உங்கள் சம்பள, பயிற்சிக் கோரிக்கைக்குத்தான் வலு.

ஒப்பிட ஓர் அளவுகோல் கேட்டால், கல்விச் செலவில் குறைந்தது 10 சதவீதம் முன்பள்ளிக்கு என்பது மழலையர் கல்வி குறித்த யுனெஸ்கோ மாநாட்டின் 2022 தாஷ்கண்ட் பிரகடனத்தில் நாடுகள் ஏற்றுக்கொண்டது.

காலம் தவறினால் எல்லாம் வீண். பட்ஜெட் உரைக்கு முந்தைய வாரம் போவது, பந்தி முடிந்தபின் இலை போடுவதுதான். துறைகள் தங்கள் தேவையை நிதித்துறைக்கு அனுப்புவது பல மாதங்களுக்கு முன்பே. அதைக் கேட்டு நிதித்துறை விடும் சுற்றறிக்கை வெளியாகும் தேதியைக் கண்டுபிடித்து, ஒரு மாதம் முன்னதாகவே துறையில் கோப்பு எழுதும் அலுவலரைச் சந்தியுங்கள். அவர் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய வடிவில் ஒரே பக்கம் போதும்: மேலே கோரிக்கை ஒரு வரி, நடுவே செலவு அட்டவணை, கீழே செய்யாவிட்டால் எத்தனை குழந்தைகள் விடுபடுவார்கள் என்பது. எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் அதே தாளைக் கொடுங்கள். ஆளுக்கொரு கணக்குக் கொடுத்தால் அவையில் சாயம் வெளுத்துவிடும்.

அறிவிப்பு வந்ததும் நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். அரசாணை வந்ததா, பணம் விடுவிக்கப்பட்டதா, ஆள் எடுத்தார்களா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். திருத்திய மதிப்பீடு தயாராகும்போதுதான் சத்தமில்லாமல் வெட்டு விழும். அதற்குச் சில வாரம் முன்பு ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள்.